மூளைக்குள் ஒரு கடல்வழி: பாம்பன், மண்டபம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் அப்பா பாம்பனில் வத்தை என்ற சிறு படகில் மீன்பிடித் தொழில் பார்த்தவர். நாம் இருக்கும் இடத்தை மூளை எப்படி அறிகிறது என்று ஒருநாள் வகுப்பில் பேசப்போக, பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்ல, அப்புறம் மீன் ஏலம் போடும் இடத்திலும் கல்யாண வீட்டிலும்கூட ஆட்கள் என்னை நிறுத்திச் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்க அப்பா ஜிபிஎஸ் வாங்குறதுக்கு முன்னாடியே ராத்திரி கடலுக்குப் போயிட்டு நேரா நம்ம கரைக்கே வந்துருவாக. தலைக்குள்ள மேப் மாதிரி ஏதாவது இருக்கா டீச்சர்?

இருக்கிறது. மூளையைத் திறந்து பார்த்தால் படமாகத் தெரியாது. எந்தெந்த நரம்புச் செல்கள் எப்போது துடிக்கின்றன (அதாவது மின்துடிப்பு அனுப்புகின்றன), எப்போது சும்மா இருக்கின்றன என்பதில்தான் அந்த வரைபடம் அடங்கியிருக்கிறது.

இதை முதலில் அழுத்திச் சொன்னவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் டோல்மன். 'இங்கே இடது, அங்கே வலது' என்ற பழக்கத்தை வைத்துத்தான் எலி வழி கண்டுபிடிக்கிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். டோல்மன் எலிகளைச் சுற்றுவழியில் தீனிக்குப் போகப் பழக்கிவிட்டு, அந்த வழியை அடைத்தார். பல பக்கம் பிரியும் புதிய பாதைகளைத் திறந்துவிட்டதும், நிறைய எலிகள் தீனி இருக்கும் பக்கம் பார்த்த பாதையிலேயே போயின. போகாத பாதை, ஆனால் தீனி எந்தப் பக்கம் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. 1948இல் இதற்கு அவர் மன வரைபடம் என்று பெயர் வைத்தார். ரோட்டை மறித்துப் பந்தல் போட்டிருந்தால் சந்துக்குள் புகுந்து வீட்டுக்குப் போகிறோமே, அதே வேலைதான்.

அது மூளையில எந்த இடத்துல இருக்கு?

காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் ஆழத்தில் சுருண்டு கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலும், அதை ஒட்டி மூளையின் மேலடுக்கில் இருக்கும் என்டோரைனல் புறணி என்ற பகுதியிலும். ஹிப்போகாம்பஸ் என்றால் கிரேக்கத்தில் கடற்குதிரை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் அரான்சி அதை வெட்டி எடுத்துப் பார்த்தபோது கடற்குதிரை மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பழைய கண்ணாடிக் குப்பி ஒன்றில் நம் கடலின் கடற்குதிரை இருக்கிறது. தடித்த முதுகு, கீழே மெலிந்து உள்பக்கமாகச் சுருளும் வால். மூளைப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். (கடற்குதிரை 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். வலையில் ஏறினால் உயிரோடு கடலில் விட்டுவிடுங்கள்.)

1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃபும் ஜொனாதன் டொஸ்ட்ரோவ்ஸ்கியும், நடமாடும் எலியின் ஹிப்போகாம்பஸுக்குள் மெல்லிய கம்பிகளை வைத்து, ஒவ்வொரு செல்லும் எப்போது துடிக்கிறது என்று கவனித்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் கிடைத்தன. அங்கிருந்து நகர்ந்தால் அந்தச் செல் அமைதியாகிவிடும், வேறொன்று துடிக்கும். இவைதான் இடச் செல்கள். ஒரு செல்லுக்கு ஒரே ஓர் இடம்தான் என்று எழுதிவைத்தது கிடையாது. வேறு அறைக்குப் போனால் அதே செல் வேறு மூலையில் துடிக்கலாம், துடிக்காமலும் இருக்கலாம். அதனால் செல்களின் ஒரே கூட்டத்தை வைத்து மூளை எத்தனையோ ஊர்களைக் குறித்துவைத்துக்கொள்கிறது.

எலிக்கு இருந்தா மனுசனுக்கும் இருக்கணுமா?

நியாயமான கேள்வி. மனிதர் மூளையில் சும்மா யாரும் கம்பி வைக்க முடியாது. ஆனால் கடுமையான வலிப்பு நோயாளிகள் சிலருக்கு, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று அறிய மருத்துவர்களே சில நாட்கள் கம்பி வைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் சம்மதத்தோடு, கணினியில் ஓர் ஊரை உருவாக்கி அதில் டாக்சி ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தார்கள். 2003இல் மனிதர்களிடமும் இடச் செல்கள் உண்டு என்று தெரிந்தது. கீழே சொல்லப்போகும் வலைச் செல்கள் போன்றவையும் 2013இல் மனிதரிடம் பதிவாயின.

வலைச் செல்னு ஒண்ணு சொன்னீங்களே, அது என்ன? நம்ம வலை மாதிரியா?

வலையைவிடக் கோலம் சரியான உவமை. 2005இல் நார்வேயின் டிராண்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியும் அவர்களது குழுவினரும் என்டோரைனல் புறணியில் ஒரு விசித்திரமான செல்லைக் கண்டார்கள். இடச் செல் பெரும்பாலும் ஓரிடத்தில் துடிக்கும். இதுவோ எலி நடக்கும் தரை முழுக்க பல இடங்களில் துடித்தது. துடித்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்தால், அச்சு அசலாக இடைப்புள்ளிக் கோலம்: எந்தப் புள்ளியை எடுத்தாலும் சுற்றிலும் சம தூரத்தில் ஆறு புள்ளிகள். தரையில் அப்படி எதுவும் வரைந்திருக்கவில்லை. கோலத்தைப் போட்டது மூளை.

புள்ளிகளின் இடைவெளி எல்லாச் செல்லுக்கும் ஒன்றில்லை. ஒரே இடைவெளி கொண்ட செல்கள் ஒரு தொகுதி. எலியில் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் தொடங்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் சுமார் 1.4 மடங்கு பெருகிக்கொண்டே போகிறது. பொடிக்கோலம், நடுக்கோலம், பெருங்கோலம் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால், எந்த இடத்திலும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து விழும் விதம் தனித்தனியாக இருக்கும். மூளைக்கு அது அளவுகோல் மாதிரி. ஓ'கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பனி மூடிட்டா கரையும் தெரியாது, கோபுரமும் தெரியாது. அப்பவும் எப்படி வாராக?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், நம் அசைவையே மூளை கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும். காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் சொல்லிவிடும். தலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று துடிக்கும் திசைச் செல்களை 1984இல் ஜேம்ஸ் ராங்க் அறிவித்தார். எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதற்கான செல்களை மோசர் குழு 2015இல் கண்டது. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம்: இந்த மூன்றும் கிடைத்தால் புறப்பட்ட இடத்திலிருந்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடலாம். இருட்டில் விட்டாலும் எலியின் இடச் செல்களும் வலைச் செல்களும் துடிப்பது இதனால்தான்.

ஆனால் கணக்கில் சிறுசிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், படகைத் தெரியாமல் இழுக்கும். அந்த இழுப்பு உடம்புக்குத் தெரியாது. எலியிடம்கூட இதை அளந்திருக்கிறார்கள். சுவரைத் தொட்டு நேரம் ஆக ஆக வலைச் செல்லின் புள்ளிகள் கொஞ்சங்கொஞ்சமாக இடம் நழுவுகின்றன. மறுபடி சுவருக்கு வந்ததும் சரியாகிவிடுகின்றன. அதனால் வழி தெரிய வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும், உள்ளே ஓடும் கணக்கும் அவ்வப்போது தொட்டுச் சரிபார்க்க ஏதோ ஒன்றும்.

நான் பன்னிரண்டு வயதில் அப்பாவோடு வடகடலில் ஒரு தை மாதக் காலையில் அதை நேரில் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று பனி, வத்தையின் முன்முனைகூட மங்கல். அப்பா எஞ்சினை நிறுத்தினார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரண்டு கையையும் விரித்து விரித்துப் பாகம் பாகமாக இழுத்து எண்ணினார். நாலு பாகம். குண்டின் அடியில் ஒட்டியிருந்த சேற்றை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கினார், மணல் நெருடவில்லை. 'இன்னும் தெக்கால போகணும்' என்றார். அரைமணி கழித்துப் பாலம் தெரிந்தது. சுவரைத் தொட்ட எலி எப்படித் தன் கணக்கைத் திருத்திக்கொண்டதோ, அதைத்தான் அப்பா அந்த ஈயக்குண்டால் செய்தார் என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

ரயில்ல தூங்கி எந்திரிச்சு எறங்குனா கிழக்கு மேக்கா தெரியுதே, அது ஏன்?

எனக்கும் நடந்திருக்கிறது. மேலே சொன்ன திசைச் செல்கள் எல்லாம் ஒரே கட்டாகத் திரும்பும். ஒன்று கால்வட்டம் விலகினால் மற்றவையும் கால்வட்டம் விலகும். எலியின் பெட்டியில் அடையாளத்துக்கு ஒட்டிய அட்டையைப் பக்கவாட்டில் நகர்த்திவைத்தால், திசைச் செல்களும் கூடவே திரும்பிவிடுகின்றன.

நீங்கள் தூங்கும்போது ரயில் பல முறை வளைந்து திரும்பியிருக்கும். கண்ணைத் திறந்ததும் மூளை முதலில் கண்ட ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தத் திசையையும் அதில் மாட்டிவிடும். அது தப்பாக மாட்டினால் ஊரே சுழன்றமாதிரி இருக்கும். 'இதுதான் கிழக்கு' என்று அறிவு சொன்னாலும் உடம்பு ஒத்துக்கொள்ளாது. நன்றாகத் தெரிந்த ஒரு கடைத்தெருவுக்குள் நுழைந்தவுடன் சட்டென்று எல்லாம் நேராகிவிடும். அந்த நொடியைக் கவனித்துப் பாருங்கள், உங்கள் திசைச் செல்கள் மொத்தமாகத் திரும்புவதை உணரலாம்.

எங்க ஆச்சி 'வடக்கால தள்ளி உக்காரு'னு சொல்லும். மதுரையில படிக்கிற என் மக 'வலது பக்கம்'ங்குறா. இதனால மூளையில வித்தியாசம் வருமா?

ஆச்சியின் பேச்சை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் மதுரை வட்டாரத் தமிழர்களிடம் ஒரு சோதனை செய்தார். மேசையில் சில பொருட்களை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளைப் பின்பக்கம் திருப்பி, இன்னொரு மேசையில் அதேமாதிரி வைக்கச் சொல்வது. வடக்கு தெற்கு என்று பேசிப் பழகிய கிராமத்தவர்கள் பெரும்பாலும் திசையை மாற்றாமல் வைத்தார்கள். இடது வலது என்று பேசும் நகரத்தவர்கள் தங்கள் கைப்பக்கத்தை மாற்றாமல் வைத்தார்கள். பேசும் மொழி ஒன்றுதான். பேசும் பழக்கம் வேறு, அதனால் நினைவில் வைக்கும் விதமும் வேறு.

வடகடல், தென்கடல் என்று கடலுக்கே திசையால் பெயர் வைத்த ஊர் நம்முடையது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கும் நாலு திசைப் பெயர். பிள்ளைகள் இந்தச் சொற்களை விட்டுவிடக்கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன். திசையைச் சொல்லிப் பேச வேண்டுமென்றால், அதை எந்நேரமும் தலைக்குள் வைத்திருந்தே ஆகவேண்டும்.

எல்லைச் செல்னு ஒண்ணு இருக்குன்னு படிச்சேன். அப்ப கடல் எல்லையைத் தாண்டுனா மூளைக்குத் தெரியாதா டீச்சர்?

தெரியாது. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் உயிரும் படகும் இருக்கிறது. எல்லைச் செல்கள் 2008இல் கண்டுபிடிக்கப்பட்டன. சுவர், தடுப்பு, விளிம்பு போன்ற உண்மையான தடைகளுக்கு அருகில் அவை துடிக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் 1974இல் பாக் நீரிணைப் பக்கமும் 1976இல் மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒப்பந்தம் போட்டு வகுத்த கோட்டுக்குத் தண்ணீரில் சுவரும் இல்லை, நிறமும் இல்லை. பனிக் கேள்வியில் சொன்னபடி, தொட ஒன்றுமில்லாத இடத்தில் மூளையின் கணக்கு நழுவும், நீவாடும் சேர்ந்து இழுக்கும். எவ்வளவு அனுபவசாலியானாலும் இந்த ஒரு விஷயத்தில் கருவியை நம்புங்கள்.

அப்ப ஜிபிஎஸ் நல்லதா கெட்டதா? என் மகன் அது இல்லாம நகரவே மாட்டேங்குறான்.

கருவி நல்லது. அதை மட்டுமே பார்த்துப் போனால் ஹிப்போகாம்பஸுக்கு வேலை குறைகிறது. 2017இல் லண்டனின் சோஹோ பகுதியின் தெருக்களைத் திரையில் காட்டி ஒரு சோதனை செய்தார்கள். தானாக வழி தேடியவர்களுக்கு, பல கிளைகள் பிரியும் தெருவில் நுழைந்ததும் ஹிப்போகாம்பஸின் வேலை கூடியது. 'இங்கே திரும்பு' என்று கருவி சொன்னபோது அந்த ஏற்றம் இல்லை. ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களுக்கு இட நினைவு குறைவாக இருந்ததாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. அது சிறிய ஆய்வு, அதை வைத்து யாரையும் பயமுறுத்த மாட்டேன்.

மறுபக்கம் பாருங்கள். லண்டனில் டாக்சி உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டும், படிக்க மூன்று நான்கு வருடம் ஆகும். எலினோர் மக்வயரின் குழு 79 பயிற்சியாளர்களைத் தொடர்ந்து கவனித்தது. 39 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. வளர்ந்த ஆளின் மூளையும் பழக்கத்தால் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். திரையைப் பார்ப்பதற்கு முன் 'பாம்பன் இப்ப எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்' என்று கையை நீட்டிக் காட்டட்டும், அப்புறம் கருவியில் சரிபார்க்கட்டும். ராமேசுவரத்தின் 323 மீட்டர் டிவி கோபுரம் இருக்கும்போது பழகுவதற்கு அடையாளமா பஞ்சம்?

பொம்பளைகளுக்கு வழி தெரியாதுன்னு சொல்றாகளே, அது அறிவியலா?

படகில் போய் வழி கண்டுபிடிக்கும் ஒரு கைபேசி விளையாட்டை 2016இல் ஆராய்ச்சிக்காகவே வெளியிட்டார்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஆடினார்கள். சராசரியில் ஆண்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். ஆனால் அந்த இடைவெளி நாட்டுக்கு நாடு மாறியது. ஆண் பெண் சமத்துவம் கூடிய நாடுகளில் அது சுருங்கியது. வெளியே போய்ப் பழக யாருக்கு விடுகிறார்கள் என்பதற்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது.

தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் நம் அக்காமார்களைப் பாருங்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) மரிக்கொழுந்துப் பாசி, எந்தப் பக்கம் கஞ்சிப்பாசி, முங்கி எழுந்தால் படகு எங்கே என்று எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதும் அவர்களில் ஒருவர்தான். எனக்கு வருத்தமாக இருந்தது.

அதே விளையாட்டில் இன்னொன்றும் தெரிந்தது. நேர்நேராகத் தெரு போட்ட நகரங்களில் வளர்ந்தவர்களைவிட, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டுபிடித்தார்கள்.

நாங்க தண்ணிக்குள்ள முங்கி வேலை பாக்குறோம். தரை மட்டும் போதுமா, மேலே கீழேயும் சேரணுமே?

சேரவேண்டும். 2013இல் இஸ்ரேலில் பறக்கும் பழந்தின்னி வௌவால்களிடம் இதைப் பார்த்தார்கள். அவற்றின் இடச் செல்கள் தரையில் வட்டமாக இல்லாமல், காற்றில் பந்துமாதிரி ஓர் இடத்தைப் பிடித்துத் துடித்தன. பின்னால் வலைச் செல்களைப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். முப்பரிமாணத்தில் கோலம் ஒழுங்காக விழவில்லை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் இடைவெளி மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது.

ஆமை பொறந்த கரைக்கே திரும்பி வருதே, அதுக்கும் இதே செல்தானா?

ஆமைக்கு முக்கியமான உதவி பூமியின் காந்தப்புலம். அமெரிக்காவில் கென்னத் லோமன் குழுவினர், ஆமைக்குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்து, தொலைதூரக் கடலின் காந்தப்புலத்தை உண்டாக்கினார்கள். உண்மையிலேயே அந்தக் கடலில் இருந்தால் எந்தப் பக்கம் நீந்துமோ, அந்தப் பக்கமே குஞ்சுகள் நீந்தின.

அப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. போன மாசம் நம்ம தெருவுலயே வீடு தெரியாம நின்னாக. வயசானா அப்படித்தானே?

அப்படி விட்டுவிடாதீர்கள். புது ஊரில் வழி தடுமாறுவது வேறு, பழகிய தெருவில் வீடு தெரியாமல் நிற்பது வேறு. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று என்டோரைனல் புறணி, அதாவது மேலே சொன்ன வலைச் செல்கள் இருக்கும் இடம். அதனால்தான் பேச்சும் பழக்கமும் நன்றாக இருக்கும்போதே வழி தப்ப ஆரம்பிக்கலாம்.

எல்லாம் அல்சைமர் என்றும் முடிவுகட்டாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சில மருந்துகள், மனச்சோர்வு இவையும் குழப்பத்தை உண்டாக்கும், இவற்றைச் சரிசெய்ய வழியுண்டு. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எப்போது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் தடுமாறினார் என்று எழுதிக்கொண்டு போங்கள். அதுவரை தனியாகக் கடலுக்கு அனுப்பவேண்டாம். சட்டைப்பையில் வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

எங்க தாத்தாவுக்கு நேத்து சாப்பிட்டது மறந்துருது. ஆனா புயலுக்கு முந்துன தனுஷ்கோடியைத் தெருத்தெருவா சொல்லுதாக. அது எப்படி?

1964 டிசம்பர் 22, 23 புயலில் போன ஊர். போய்ப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள அங்கே தெருவே இல்லை. இருந்தும் வரைபடம் அவரிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒருவருக்கு மூளைக் காய்ச்சலில் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸும் அழிந்துபோனது. நோய்க்குப் பிறகு அவர் குடியிருந்த பகுதியில் ஒரு தெருவும் அவருக்குப் பதியவில்லை. ஆனால் சுமார் ஐம்பது வருடத்துக்கு முன் வளர்ந்த ஊரில் எங்கிருந்து எங்கே போகக் கேட்டாலும், வழி அடைத்திருந்தால் மாற்றுவழியையும் சரியாகச் சொன்னார். 1999இல் இது வெளியானது. புது இடத்தைப் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும், வருடக்கணக்கில் நடந்து பழகிய இடம் மெல்ல மூளையின் மேற்புறணிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறார்கள். ஆனால் முழுசாகப் போவதில்லை போலிருக்கிறது. ஹிப்போகாம்பஸ் பழுதான லண்டன் டாக்சி ஓட்டுநர் ஒருவருக்குப் பெரிய சாலைகள் எல்லாம் தெரிந்தன, அவற்றை விட்டு இறங்கிச் சிறு தெருக்களுக்குள் போகவேண்டி வந்தபோது வழி தப்பியது.

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையோடு ஒருநாள் அந்தத் தாத்தாவைப் பார்க்கப் போனேன். உடைந்த சிப்பி ஒன்றை எடுத்து மணலில் கோடு இழுத்தார். 'இது டேசன். இங்கன போஸ்ட் ஆபீஸ். கிழக்கால கப்பல் ஏறுற பாலம், தலைமன்னாருக்குப் போறது.' கை நிற்காமல் ஓடியது, முகம் மணலைப் பார்க்கவே இல்லை. போஸ்ட் ஆபீசுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு இழுத்தவர் பாதியில் நிறுத்தினார். 'இங்கன ஒரு சந்து. எங்கிட்டுப் போகும்னுதான் வர மாட்டேங்குது.' சிப்பியை அந்த இடத்திலேயே ஊன்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.